முதுகில் உப்பில்லாத சட்டை

துணி துவைப்பவளுக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் ரகசியம் இருக்க முடியாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வெளியே தின்றுவிட்டு வந்து பசியில்லை என்கிறார்கள், யார் அழுதார்கள், எல்லாம் துணியில் இருக்கும். என் நாத்தனாருக்கு ஏதோ ஆகிறது என்பதும் அப்படித்தான் முதலில் தெரிந்தது. வாளிக்கு வந்த அவளுடைய நீலச் சட்டை சொன்னது. நான்தான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒன்றரை மாதம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்திருக்க மாட்டோம்.

தொழிற்சாலையில் அவளுக்கு மூன்று சட்டை கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை மூன்றும் என் வாளிக்கு வரும். முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருக்கும். வியர்வை காய்ந்து, அதன்மேல் வியர்த்து, அதுவும் காய்ந்து, ஏதோ நாட்டு வரைபடம் மாதிரி. தேய்த்தால் பொடியாக உதிரும். மற்ற துணியோடு போட முடியாது, தனியாக ஊறவைக்க வேண்டும். பதினாறு வருடமாக அதற்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சட்டையைத் திருப்பினேன். கோடு இல்லை. மூன்றிலும் இல்லை. வியர்த்த சட்டைதான், கழுத்துப் பட்டையில் அழுக்கு இருந்தது. முதுகு மட்டும் பச்சைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டது போல மொழுக்கென்று இருந்தது. மோந்து பார்த்தேன். வியர்வை வாடையே இல்லை. சட்டைக்குள் ஆள் இருந்த மாதிரியே தெரியவில்லை.

வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு மற்ற துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. நாற்பத்து நான்கு வயது. கட்டியவன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். ஒரு வருடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள். அந்தக் கொஞ்ச நாள்தான் பதினாறு வருடம். எங்கள் இருவருக்கும் ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே ஆகும். ஆனால் நானும் அவளும் மரியாதையாகப் பேசிக்கொண்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அவள் வேலை பார்ப்பது வெள்ளரிப் பிஞ்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாட்டிலில் அடைக்கும் தொழிற்சாலை. முதலில் கோணல் பிஞ்சைப் பொறுக்கும் மேசையில்தான் நின்றாள். உப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரலெல்லாம் வெடித்திருக்கும். அப்போதெல்லாம் ஊறவைத்த தண்ணீரை வாய்க்காலில் திறந்து விட்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கிணறெல்லாம் கரித்தது. மக்கள் வந்து கேட்டைப் பூட்டினார்கள். அதன் பிறகுதான் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஃபில்டர் ரூம் கட்டினார்கள்.

அந்த அறைக்கு நான் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போயிருக்கிறேன். இரும்புச் சட்டத்தில் எட்டு வெள்ளைக் குழாய், ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு மேல், அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். எட்டுப் பேரைப் போர்த்திப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். மோட்டார் சத்தத்தில் வாயசைப்பது மட்டும்தான் தெரியும், பேச்சு கேட்காது. குழாய்க்குள் மெல்லிசாக ஒரு சவ்வைப் பாய் போலச் சுருட்டித் திணித்திருப்பார்களாம். உப்புத் தண்ணீரை அழுத்தித் தள்ளினால் தண்ணீர் மட்டும் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். போன தண்ணீரில் மறுபடி பிஞ்சு கழுவுவார்கள். நின்ற உப்பைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெரிய குட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். தரையில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்த குட்டை. வெயிலில் காய்ந்து காய்ந்து மேலே வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கும். பத்து நிமிடம் பார்த்தால் கண் கூசி ஊரே கறுப்பாகத் தெரியும்.

அவள் அந்த அறைக்குப் போன கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் மொத்தத் தண்ணீருக்கும் சேர்த்து உப்பை அளக்க ஒரே மீட்டர்தான். ஒருநாள் மீட்டர் ஏறிவிட்டது. எட்டில் எது ஒழுகுகிறது என்று தெரியவில்லை, எட்டையும் கழற்ற வேண்டும் என்று இன்ஜினியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மேசையிலிருந்து கூட்டிப் பெருக்க அனுப்பியிருந்த இவள், ஒவ்வொரு குழாயின் முனையிலும் இருந்த சின்னத் திருகைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே போய், மூன்றாவது என்று சொன்னாள். மூன்றாவதைக் கழற்றினார்கள். உள்ளே ரப்பர் வளையம் தலைமுடி அளவு வெட்டுப்பட்டிருந்தது. அன்றோடு அவளை அந்த அறைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவள் பெயர் நாக்கு. கேட்டிலிருக்கும் வாட்ச்மேன்கூட நாக்கம்மா வந்தாச்சா என்றுதான் கேட்பார். வீட்டில் அந்த நாக்கின் அருமை எங்களுக்குத்தான் தெரியும் என்பேன் நான்.

தினமும் எட்டுக் குழாயையும் ருசி பார்ப்பாள். காலையில் நான்கு. பிறகு மதியச் சாப்பாடு. வந்து ஐந்தாவதிலிருந்து எட்டு வரை. பத்து வருடத்துக்கும் மேலாக இதே வரிசை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது கடைசியில்தான் உறைத்தது.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடம்பு பார்த்தார்கள். இவளுக்குப் பிரஷர் என்று ஒரு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மாத்திரை போட்டால் அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருந்தது. இன்னொன்று, எட்டுக் குழாய்க்கும் எட்டு மீட்டர் புதிதாக மாட்டினார்கள். இனிமேல் உங்க நாக்குக்கு ரெஸ்ட் கொடுங்க என்று மேனேஜர் சிரித்தாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலம் இவள் வந்து செருப்பை உதறிய உதறலில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து ஐந்தாவது குழாய் கரிக்கிறது என்றாள்.

மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. எட்டிலேயே ஐந்தாவதில்தான் உப்பு குறைவு என்று காட்டியது. இவள் விடவில்லை. கழற்றிப் பார்த்தார்கள், வளையம் புதுசு போல இருந்தது. மறுபடி மாட்டினார்கள். மறுநாள் மதியம் மறுபடி கரிக்கிறது என்றாள். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை குழாயைத் தூக்கிய இருவரும் இவள் முகத்துக்கு நேராகவே ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். இன்னொரு தடவை சொன்னால் மறுபடி மேசைக்கே போக வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். சும்மா வந்து நிற்கிற ஆளில்லை.

"அண்ணி, அது பிஞ்சு உப்பு இல்ல," என்றாள்.

உப்பில் என்ன பிஞ்சு உப்பு, பழ உப்பு என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"விரல்ல வெச்சா தெரியுது. யாரோ ஒரு ஆளோட உப்பு அது. கண்ணீர் வாய்க்குள்ள போனா இருக்கும்ல, அந்த மாதிரி."

 போய் முகம் கழுவு என்று அதட்டினேன்.

அதிலிருந்து அவள் நாக்கைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். நான் பெயர் வைக்கவில்லை, அவளே அப்படித்தான் சொன்னாள். நாக்கில் உப்பின் வாசனைகூட இருக்கக் கூடாது, அப்போதுதான் மீட்டரைத் தோற்கடிக்க முடியும். என் பங்குச் சாப்பாட்டில் உப்பே வேண்டாம் அண்ணி என்றாள். டாக்டரும் குறைக்கத்தானே சொன்னார், பரவாயில்லை, புத்தி வந்திருக்கிறது என்று நானும் தனிச் சட்டி வைத்தேன். நான் ஒரு காரியம் எடுத்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். ஒரு கல் உப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன். அவளுடைய முட்டையை எங்கள் முட்டை வெந்த தண்ணீரில்கூட வேகவைக்கவில்லை.

குடிக்கிற தண்ணீரையும் மாற்றினாள். குழாயைத் தாண்டி வரும் சுத்தத் தண்ணீரைக் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். அந்த வெக்கையில் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது பாட்டில் குடித்தாள். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ருசி இல்லை என்று சொன்னால் போதாது. வாய்க்குள் எதுவும் போகாத மாதிரியே இருந்தது, தொண்டை மட்டும் நனைந்தது. ஆனால் டம்ளரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுத் தடம் இல்லாமல் காய்ந்தது. கண்ணாடி அலமாரி துடைக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. நான் அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், சந்தோஷமாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

சட்டையில் கோடு காணாமல் போனது இதற்கு நடுவில்தான்.

அதன் பிறகு அவள் மாறினாள். பெரிய மாற்றம் என்றால் உடனே பார்த்திருப்போம். சின்னச் சின்னதாக மாறினாள். தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டாள். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்தாள். என்னோடு சண்டை போடுவதை விட்டுவிட்டாள். தட்டை வைத்தால் ரொம்ப நன்றி என்றாள். பதினாறு வருடத்தில் என் கையால் சாப்பிட்டுவிட்டு அவள் நன்றி சொன்னதே கிடையாது. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவள் திருந்தியது உனக்குப் பொறுக்கவில்லையா என்று பேப்பரைத் திருப்பினார்.

பிறகு ஒருத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஃபில்டர் ரூமில் மோட்டார் சத்தத்துக்கு அடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது என்றாள். குழாய் வரிசையின் இந்தப் பக்கம் இவள் நடந்தால் அந்தப் பக்கம் ஒருத்தி நடக்கிறாளாம். இவள் நின்றால் அவளும் நிற்கிறாளாம். அந்தப் பக்கம் சுவர்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள், சாதாரணமாக. சாயங்கால வெளிச்சத்தில், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஆமாம் என் காதில் விழுந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு நாள் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைத்தாள். யாருக்கு என்று கேட்டதற்கு அவளுக்கு என்றாள். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. அவள் யார் என்றேன்.

"தடுத்து நிறுத்தினதெல்லாம் எங்கயாவது போய்ச் சேரணும்ல அண்ணி. அவ குட்டையில இருக்கா. மதியானத்துல வெள்ளைமேல நடக்குறா. தடம் பார்த்தேன். போற தடம் மட்டும்தான் இருக்கு. திரும்பி வர்ற தடம் இல்ல."

மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் அண்ணன் முடிவு செய்தார். சேர்த்துவிட்டால் திரும்ப வருவாளா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். அதுவும் புதுசு. சமையலை முடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்தார். நாக்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார். ஏன் என்றேன். கொஞ்ச நாளாக மதியம் பின்பக்கம் போவதைப் பார்ப்பதாகவும், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றும் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சாப்பிடப் போகிற பொம்பளையைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான்.

ஃபில்டர் ரூமுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. மேசையில் அவள் கணக்கெடுத்து எழுதும் நோட்டு திறந்து கிடந்தது. எட்டு வெள்ளைக் குழாயும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குள் நானும் காலடி கேட்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டேன். கேட்டதா இல்லையா என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

பின்பக்கம் சுற்றிப் போனால் குட்டை. மதியம் பன்னிரண்டரை. நிழலே இல்லை. கரையில் அவள் செருப்பு இரண்டும் ஜோடியாக, ஒழுங்காக இருந்தன. வீட்டில் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. அங்கிருந்து வெள்ளைப் பொருக்கின் மேல் ஒரு வரிசைக் காலடி உள்ளே போனது. வெறுங்கால். அவள் சொன்ன மாதிரி, போன தடம் மட்டும்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். குட்டைக்கு நடுவில் நீலமாக ஒன்று குந்தியிருந்தது. கையால் பொருக்கை உடைத்தது. உடைத்ததை வாயில் வைத்தது. அவசரமில்லாமல், குழந்தை சர்க்கரை தின்பது போலத் தின்றது.

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். காலுக்கடியில் பொருக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கியது. பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கினாள். வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்தாள். மரியாதையாக எழுந்து நின்றாள்.

"யாருங்க வேணும் உங்களுக்கு?"

 நானே பேச்சிழந்து நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என்ன சொல்வதென்று தெரியாமல், நாக்கம்மா, நாக்குன்னு கூப்பிடுவாங்களே, அவளத்தான் என்றேன்.

"அவங்க உள்ள இருக்காங்க. ஃபில்டர் ரூம்ல. இப்ப வேலையா இருப்பாங்க. நான் சொல்லட்டுங்களா?"

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி நடந்தாள். வந்த வழியில் இல்லை. குட்டையின் அந்த ஓரத்தில் குழாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டும் இடத்துக்குப் போனாள். தண்ணீர் ஓடும் அந்த ஈரத்தில் காலை வைத்து நடந்தாள். பின்னாலேயே தண்ணீர் ஓடித் தடத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்த தடம் ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் பயம் குறையவில்லை. கரைக்கு இரண்டடி இருக்கும்போது அவள் உடம்பு விறைத்தது. விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போட்ட சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் என் வயசுக்காரி, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தார். இவர் என்ன சாப்பிடுவார், எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று கேட்டார். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். குழாய்த் தண்ணீரையும் எட்டு ஒன்பது பாட்டிலையும் சொன்னேன். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், உப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு, ஒரு கல் உப்பு போடுவதில்லை என்று.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது என்றார். மாத்திரை ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ளியது. வியர்வை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போனது. உள்ளே இறங்கியதோ ஒன்றுமில்லாத தண்ணீர், அதுவும் குடம் குடமாக. சாப்பாட்டு வழியாக வந்திருக்க வேண்டியதை நான் அடைத்துவிட்டேன். உப்பு இப்படி இறங்கினால் மூளை தண்ணீர் குடித்து வீங்கும். ஆள் தெரியாது, இடம் தெரியாது, இல்லாத சத்தம் கேட்கும், கடைசியில் வலிப்பு வரும். பைத்தியமெல்லாம் இல்லை என்றார். 

குட்டையில் உப்பைத் தின்றதையும் சொன்னேன். 

"அதுதான் இவ்வளவு நாள் இவங்கள உயிரோட வெச்சிருக்கு," என்றார். "மனசு வேண்டாம்னு சொல்லியிருக்கு. உடம்பு கேக்கல. எழுந்து அதுவா போயிருக்கு."

ஊசி வழியாக உப்பு ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் அதுவே ஆளை முடித்துவிடுமாம். நான்கு நாள் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிழைத்தாலும் எங்களைத் தெரிந்துகொள்வாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அவள் அண்ணன் வெளியே நடந்தார், உள்ளே வந்தார், தங்கையின் கால்மாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி வெளியே போனார். திங்கட்கிழமை வந்தது. எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.  மறுபடி யாருங்க என்று கேட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"தலையில எண்ணெய் வெச்சு எத்தன நாளாச்சு, பேய் மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள்.

வந்துவிட்டாள். எழுந்து வெளியே போய், தாழ்வாரத்து மூலையில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அழும்போது உதட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். நன்றாகக் கரித்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. ஐந்தாவது குழாய் ஏன் கரித்தது? நாக்கு பொய் சொல்லுமா? மேனேஜர் அவள் மனசு ஆறட்டும் என்று நான்காவது தடவையும் கழற்றிப் பார்த்திருந்தார். ஒன்றுமில்லை. மேசைக்கு அனுப்பினால்கூடப் பரவாயில்லை, நாக்கு ஏன் ஏமாற்றியது என்று தெரிந்தால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

விடை அடுப்படியில் கிடைத்தது. உப்பைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, அதே கையால் பாலின் சூடு பார்க்க விரலை விட்டு நாக்கில் வைத்தேன். பால் கரித்தது. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அவள் கட்டிலுக்குப் போனேன்.

காலையில் நாலு குழாய் பார்ப்பாய், பிறகு சாப்பாட்டுக்குப் போவாய், வந்து முதலில் எதைத் தொடுவாய் என்று கேட்டேன். ஐந்தாவதை என்றாள். சாப்பாட்டு நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.  தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குட்டையில் உடைத்த உப்பு, அவள் கை வியர்வையோடு சேர்ந்து, அந்த விரலில்தான் இருந்திருக்கிறது. மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில், முதலில் கரையோரம் உட்கார்ந்து ஒரு துண்டு, பிறகு உள்ளே இறங்கி ஒரு கைப்பிடி என்று போயிருக்கிறாள். ஐந்தாவது குழாயின் சொட்டு அந்த விரலைக் கழுவியிருக்கிறது. ஆறாவதுக்குப் போகும்போது விரல் சுத்தம். அவள் ருசி பார்த்தது அவளையேதான்.

"அப்ப நாக்கு சரியாத்தான் சொல்லிச்சு," என்றாள் மெதுவாக. "ஆளோட உப்புன்னு சொன்னேன்ல."

"நாக்கு சரி. புத்திதான் மோட்டார் சத்தத்துல காணாமப் போச்சு, மகாராணிக்கு."

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பை விட்டுவிட்டு, குட்டையில் நான் பேசியது யாரிடம் என்று கேட்டாள். உன்னிடம்தான் என்றேன். தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் தான் உள்ளே இருந்ததாகவும், எட்டாவது குழாயின் அளவை எழுதியதாகவும், யாரோ வாசலில் நின்று தன்னைத் தேடி ஆள் வந்திருப்பதாகச் சொன்னதாகவும் ஞாபகம் இருக்கிறது என்றாள். மூளை வீங்கினால் இப்படியெல்லாம் ஞாபகம் வரும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ஆனால் நான் மேனேஜரிடம் கேட்டுவிட்டேன். நோட்டைக் காட்டினார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை, ஐந்திலிருந்து எட்டு வரை அளவு எழுதியிருந்தது, அவள் கையெழுத்தில். இவங்க எல்லாரும் முன்கூட்டியே எழுதி வெச்சிடுவாங்கம்மா, நானும் கண்டுக்கறதில்ல என்றார். நான் நம்பினேன். நம்பாவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி அடுப்புப் பற்றவைப்பது?

மாத்திரையை மாற்றினார்கள். குடிப்பதற்கு இப்போது எல்லோரும் குடிக்கிற தண்ணீர். குட்டையைச் சுற்றி வேலி போட்டாயிற்று. அவள் ஃபில்டர் ரூமுக்கே திரும்பிப் போனாள், மேனேஜர் மேசையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மீட்டரும் பார்க்கிறாள், நாக்கையும் வைத்துப் பார்க்கிறாள். நடுவில் சாப்பிடாமல், எட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாள். என்னோடு வாரத்துக்கு மூன்று சண்டை போடுகிறாள். குறைந்தால் நானே ஒன்றை ஆரம்பித்து வைக்கிறேன்.

சனிக்கிழமை சட்டை வருகிறது. முதுகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கிறேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் தோள்பட்டைக்குக் கீழே மூச்சுப் பட்டது போல ஒரு மங்கல். மூன்றாவது வாரம் கோடு. வளைந்து, ஓரம் பிசிறி, பழைய மாதிரியே. கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கையை இரண்டு தடவை கழுவித் துடைத்துவிட்டு, அந்தக் கோட்டில் நாக்கை வைத்துப் பார்க்கிறேன். அவள்தானா என்று தெரிந்த பிறகுதான் சட்டையைத் தண்ணீரில் போடுகிறேன்.